1879 ஜூலை 1: காலணா அஞ்சலட்டையின் முதல் நாள் கார்டுகளைத் தேடிச் சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் அஞ்சலட்டை 1879 ஜூலை 1 அன்று விற்பனைக்கு வந்தது. அன்றைக்கே வாங்கி, எழுதி, அஞ்சலில் சேர்க்கப்பட்ட கார்டு ஒன்றை அடைய விரும்புவோருக்காக இது எழுதப்படுகிறது. அந்த முதல் அச்சுக் காலணாக் கார்டு அரிய பொருள் அன்று. பயன்படுத்திய நிலையில் இன்றும் பழைய தபால்தலை வணிகர்களின் பெட்டிகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அரிதாக இருப்பது அதன் மேல் விழுந்த தேதி. அந்தத் தேதியை நிறுவும் வேலைதான் இந்தச் சேகரிப்பில் பெரும்பகுதி என்பதால், படிகளின் வரிசையை மாற்றாமல் செல்வது நல்லது. புதியவர்கள் பெரும்பாலும் விலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருகிறார்கள். பணம் கைமாறிய பிறகு செய்யும் ஆய்வு ஆறுதல் தேடுவதாக முடிந்துவிடுகிறது.

1. எதைத் தேடுகிறோம் என்று எழுதி வைத்தல்

"முதல் நாள்" என்ற சொல்லை விற்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே மூன்று நிலைகளைப் பிரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 1 அன்று அனுப்பிய ஊரின் முத்திரை விழுந்த கார்டு முதல் நாள் கார்டு. ஜூலை 1 என்று கையால் எழுதப்பட்டு, மறுநாள் முத்திரை பெற்றது முதல் நாளில் எழுதிய கார்டு. அதற்கடுத்த சில நாட்களுக்குரியவை முதல் வாரப் பயன்பாடு. மூன்றுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஒன்றின் விலையில் மற்றொன்றை வாங்கக் கூடாது.

சிற்றூர் அஞ்சலகங்கள் எல்லாவற்றிலும் முதல் நாளிலேயே கார்டு கையிருப்பில் இருந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. ஒரு சிறிய ஊரிலிருந்து ஜூலை நடுவில் சென்ற கார்டு அந்த ஊருக்கு மிக முற்பட்ட பயன்பாடாக இருக்கலாம். தமிழ்நாட்டு ஊர்களைத் தனியாகச் சேகரிப்பவர்களுக்கு இதுவே எட்டக்கூடிய இலக்கு என்பது என் கருத்து.

ஒரே நேரத்தில் பல நாடுகளைத் தொடாமல் இருப்பதும் நல்லது. ஆஸ்திரியா 1869 அக்டோபர் 1 அன்றும், பிரிட்டன் 1870 அக்டோபர் 1 அன்றும், அமெரிக்கா 1873 மே மாதத்திலும் தத்தம் அஞ்சலட்டைகளை வெளியிட்டன. ஒவ்வொரு நாட்டுக்கும் முத்திரைப் பழக்கம் வேறு; ஒன்றில் கற்றதை அப்படியே மற்றொன்றின் மேல் பொருத்தினால் தவறு நேரும்.

2. முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், நீண்ட அலை புற ஊதா விளக்கு, அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் படம் எடுக்கும் ஸ்கேனர் ஆகியவை போதும். அதோடு 1879 முதல் 1890 வரையிலான நாட்காட்டியும் அதே ஆண்டுகளின் தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கும் வேண்டும். பஞ்சாங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஐந்தாம் பகுதியில் விடை இருக்கிறது.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, விலை மலிவான சாதாரணக் கார்டுகள் கொஞ்சம். 1879 முதல் 1885 வரை பயன்பட்ட காலணாக் கார்டுகளைக் கிழிந்தவை, கறை படிந்தவை என்று பாராமல் வாங்கிப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். உண்மையான முத்திரையின் மை அட்டையின் நாரில் எப்படி இறங்கியிருக்கும், அக்காலப் பேனா மை எப்படிப் பழுப்பேறும் என்பதைக் கண் பழகிக்கொள்ள வேறு வழியில்லை. இந்தப் படியைத் தாண்டிச் சென்றவர்களே போலிகளை அதிகம் வாங்குகிறார்கள்.

3. அட்டையை அடையாளம் காணுதல்

தேதியைப் பார்ப்பதற்கு முன் அட்டை முதல் வெளியீடுதானா என்று பாருங்கள். லண்டனில் தாமஸ் டி லா ரூ நிறுவனம் அச்சிட்ட இந்தக் கார்டு, வெளிர் மஞ்சள் சாயலுள்ள தாளில் செம்பழுப்பு நிறத்தில் அச்சானது. வலது மேல் மூலையில் விக்டோரியா அரசியின் தலை பொறித்த காலணா ஸ்டாம்பு, நடுவே அரச சின்னம், "ஈஸ்ட் இந்தியா போஸ்ட் கார்டு" என்ற ஆங்கிலத் தலைப்பு, இந்தப் பக்கத்தில் முகவரி மட்டுமே எழுத வேண்டும் என்ற அறிவிப்பு ஆகியவை முகப்பில் இருக்கும்.

தலைப்பில் "ஈஸ்ட்" இல்லாமல் "இந்தியா போஸ்ட் கார்டு" என்று மட்டும் இருந்தால் அது 1899-இல் வந்த மாற்றம்; அங்கேயே ஆய்வை நிறுத்திவிடலாம். அரசு அலுவல்களுக்கான "சர்வீஸ்" அச்சுள்ள கார்டுகள் 1880-இலும், பதில் எழுதும் இணைப்புள்ள கார்டுகள் 1890-இலும் வந்தன. பாட்டியாலா, குவாலியர் போன்ற சமஸ்தானங்களின் பெயர் மேலச்சிட்டவை 1884-க்கு முற்பட்டவை அல்ல. இவற்றில் எதிலும் 1879 ஜூலை 1 இருக்க வாய்ப்பில்லை.

உலக அஞ்சல் ஒன்றிய நாடுகளுக்கு அனுப்ப ஒன்றரை அணா மதிப்பில் நீல நிறக் கார்டு ஒன்றும் வெளியிடப்பட்டது. அது தனித் தேடல். உள்நாட்டுக் கார்டோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவாகவே கண்ணில் படும். அதன் முதல் நாள் பயன்பாடு என்று யாராவது காட்டினால் இருமடங்கு எச்சரிக்கை தேவை.

ஸ்டாம்புப் பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி ஆல்பத்தில் ஒட்டும் பழக்கம் முற்காலத்தில் இருந்தது. அத்தகைய துண்டில் முத்திரை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் முகவரியும் செய்தியும் சேருமிட முத்திரையும் போய்விட்டதால், தேதியை உறுதிசெய்ய வழியில்லை. முதல் நாள் என்ற பெயரில் துண்டுகளை வாங்காதீர்கள்.

4. முத்திரையில் நாளையும் மாதத்தையும் படித்தல்

அன்றைய முத்திரைகள் பலவற்றில் மாதம் இரண்டு ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்பட்டது. ஜூனுக்கு ஜே, யூ. ஜூலைக்கு ஜே, ஒய். புதியவர்கள் இடறும் முதல் இடம் இதுதான். ஜே, யூ என்பதை ஜூலை என்று படித்து, பிந்திய ஆண்டின் ஜூன் மாதக் கார்டை முதல் நாள் கார்டாக வாங்கிவிடுகிறார்கள். மை தேய்ந்த முத்திரையில் இரண்டாம் எழுத்தின் கீழ்ப்பகுதி வளைவாக முடிகிறதா, ஒற்றைக் காலாக இறங்குகிறதா என்பதை லென்ஸில் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது எண். "1" என்பதற்கு இடப்புறமும் வலப்புறமும் வெற்றிடம் உண்மையிலேயே வெற்றிடமா, அல்லது மை படாத எண் ஒன்று அங்கே இருந்திருக்குமா என்று பாருங்கள். 11, 21, 31 ஆகிய மூன்றும் பாதி விழுந்தால் 1 ஆகிவிடும். முத்திரையின் நடுக்கோட்டிலிருந்து மாத எழுத்தும் எண்ணும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை அளவுகோலால் அளந்தால், ஓரிலக்க எண்ணா ஈரிலக்க எண்ணா என்பது பல நேரம் தெரிந்துவிடும். ஸ்கேன் படத்தை எதிர்நிறமாக மாற்றிப் பார்ப்பதும் உதவும்.

தேதி அச்சை மாற்ற எழுத்தர் மறந்த நாட்களும் உண்டு. ஜூன் 30 என்று தெளிவாக விழுந்த கார்டு, விற்பனைக்கு முன்பே வெளியான அதிசயம் என்று விற்கப்படலாம். சேருமிட முத்திரையையும் எழுதியவரின் தேதியையும் பார்க்காமல் அதற்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

5. ஆண்டை நிறுவுதல்

வேலையின் மையம் இது. "ஈஸ்ட் இந்தியா" கார்டு பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்ததால், ஜூலை 1 என்ற நாள் 1880-இலும் 1881-இலும் அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. ஆண்டு தெரியாத ஜூலை 1 முத்திரை எதையும் நிரூபிப்பதில்லை. ஆஸ்திரியாவின் 1869 கார்டைச் சேகரிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது: அந்நாட்டு முத்திரைகள் பலவற்றில் நாளும் மாதமும் மட்டுமே உண்டு, ஆண்டு கிடையாது. அக்டோபர் 1 என்று மட்டும் விழுந்த கார்டுகள் அங்கே தொடர்ந்து ஏமாற்றத்துக்குக் காரணமாகின்றன.

ஆண்டுக்கான சான்றுகளை இந்த வரிசையில் தேடுங்கள். அனுப்பிய ஊரின் முத்திரையில் ஆண்டெண் இருந்தால் அதுவே முதல் சான்று. அதில் ஆண்டு விழவில்லை அல்லது மங்கியிருக்கிறது என்றால் சேர்ந்த ஊரின் முத்திரையைப் பாருங்கள். அது முகப்பிலும் இருக்கலாம், செய்திக்கு மேலேயே குத்தப்பட்டும் இருக்கலாம். மூன்றாவது, எழுதியவர் இட்ட தேதி.

எழுதியவர் ஆங்கிலத் தேதியைத்தான் இட்டிருப்பார் என்று எதிர்பார்த்துச் செய்திப் பக்கத்தைப் புரட்டுவது பெரிய இழப்பு. தமிழில் எழுதிய கார்டு என்றால் "பிரமாதி௵ ஆனி௴" என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள் (௵ ஆண்டுக்கும் ௴ மாதத்துக்கும் உரிய குறிகள்). 1879 ஏப்ரல் முதல் 1880 ஏப்ரல் வரை பிரமாதி ஆண்டு. முந்தையது வெகுதானிய, பிந்தையது விக்கிரம. அறுபது ஆண்டுக்கு ஒருமுறையே திரும்பி வரும் பெயர் என்பதால், ஒரு சொல் ஆண்டைக் கட்டிவிடுகிறது. ஜூலை 1 அந்த ஆண்டின் ஆனி மாதம் 18 அல்லது 19-ஆம் தேதியாக அமையும். நாளுக்கு ௳ என்ற குறியும், எண்ணுக்குப் பழைய முறையில் ௰௮, ௰௯ போன்ற வடிவங்களும் இருக்கும். ஆங்கில ஆண்டையே தமிழ் எண்ணில் எழுதுவோர் ௲௮௱௭௰௯ என்று எழுதுவார்கள். இந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாத வெளியூர் வணிகர்கள் கார்டைச் சாதாரண விலைக்கு விற்றுவிடுவதுண்டு. தமிழ் படிப்பவருக்கு இந்தத் துறையில் கிடைக்கும் உண்மையான அனுகூலம் இது.

பிற மொழிக் கார்டுகளுக்கும் இதே வழிதான். அதே நாள் ஹிஜ்ரி 1296 ரஜப் மாதத்திலும், வங்காள ஆண்டு 1286 ஆஷாட மாதத்திலும், சக ஆண்டு 1801-இலும், கொல்லம் ஆண்டு 1054-இலும் விழும். விக்கிரம சம்வத்தில் மட்டும் கவனம் தேவை: சித்திரையில் ஆண்டைத் தொடங்கும் வட இந்திய வழக்கில் அது 1936, தீபாவளியை அடுத்துத் தொடங்கும் குஜராத்தி வணிகர் வழக்கில் 1935. எழுதியவர் எந்த வழக்கினர் என்று அறியாமல், ஓராண்டு இடிக்கிறது என்று நல்ல கார்டைத் தள்ளிவிட நேரும்.

கிழமை நான்காவது சான்று. 1879 ஜூலை 1 செவ்வாய்க்கிழமை. 1880-இல் அதே நாள் வியாழன், 1881-இல் வெள்ளி, 1882-இல் சனி, 1883-இல் ஞாயிறு. 1884-இல் மறுபடியும் செவ்வாய் வந்துவிடுகிறது. ஆகவே கிழமை மற்ற ஆண்டுகளை விலக்குமே தவிர, தனியாக நின்று 1879-ஐ நிறுவாது.

இவற்றில் குறைந்தது இரண்டு சான்றுகள், ஒன்றையொன்று சாராதவை, ஒத்துப்போக வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் விதி. முத்திரையும் கையெழுத்தும் சேர்ந்தால் சிறப்பு. பின்னாளில் யாரோ பென்சிலில் எழுதிய ஆண்டு சான்று ஆகாது.

6. பயணம் பொருந்துகிறதா என்று பார்த்தல்

அனுப்பிய நாளுக்கும் சேர்ந்த நாளுக்கும் உள்ள இடைவெளி அக்கால வழிகளோடு ஒத்துப்போக வேண்டும். சென்னைக்கும் பம்பாய்க்கும் ராய்ச்சூர் வழியாக 1871 முதல் ரயில் தொடர்பு இருந்தது. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ஜபல்பூர் வழியாக 1870-இலேயே இணைப்பு வந்துவிட்டது. ஆனால் சென்னையிலிருந்து கடற்கரை ஓரமாகக் கல்கத்தாவுக்கு நேர் ரயில் அப்போது இல்லை. சென்னையில் ஜூலை 1-இலும் கல்கத்தாவில் ஜூலை 2-இலும் முத்திரை பெற்ற கார்டு நடக்கக்கூடியதன்று; அந்த இரண்டில் ஒன்று தவறாகப் படிக்கப்பட்டிருக்கும், அல்லது பிறகு சேர்க்கப்பட்டிருக்கும்.

ஒரே ஊருக்குள் சென்ற கார்டில் இரு முத்திரைகளும் ஜூலை 1 என்றே இருக்கலாம். இது ஐயத்துக்குரியதன்று; பெருநகரங்களில் ஒரு நாளில் பலமுறை பட்டுவாடா நடந்தது. முத்திரையில் பட்டுவாடா எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேதி வட்டமும், ஸ்டாம்பை மறுமுறை பயன்படுத்த முடியாதபடி அடிக்கும் எண் முத்திரையும் இணைந்த டூப்ளெக்ஸ் வகை என்றால், அந்த எண் அந்த ஊருக்கு உரியதுதானா என்று முத்திரைப் பட்டியல்களில் ஒப்பிடுங்கள். போலி செய்பவர் தேதியில் காட்டும் அக்கறையை எண்ணில் காட்டுவதில்லை.

7. திருத்தங்களைத் தேடுதல்

இந்தக் கார்டுகளில் முழுப் போலியை விடத் திருத்தமே அதிகம் அஞ்சத்தக்கது. உண்மையான 1880-களின் கார்டு ஒன்றில் ஓர் எண்ணைச் சுரண்டுவது அல்லது ஒரு கோட்டைச் சேர்ப்பது எளிது. அட்டையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துத் தேதிப் பகுதியின் மேற்பரப்பைப் பாருங்கள். சுரண்டிய இடத்தில் நார் எழும்பி, மெருகு போயிருக்கும். புற ஊதா விளக்கில் அந்த இடம் சுற்றுப்புறத்திலிருந்து வேறாக ஒளிரலாம். விளக்கு ஒன்றும் காட்டவில்லை என்பதால் கார்டு நல்லது என்று பொருளாகாது. தேர்ந்த கை தடயம் விடாது.

எழுதாத பழைய கார்டில் புதிதாக முத்திரை இடுவது மற்றொரு முறை. இதற்கு முகவரியும் எழுதியாக வேண்டும் என்பதால் போலி அங்கேதான் பிடிபடும். அக்கால மை காலப்போக்கில் அட்டைக்குள் இறங்கிப் பழுப்பேறியிருக்கும். அண்மையில் எழுதியது மேலே படிந்து நிற்கும். முத்திரையும் எழுத்தும் குறுக்கிடும் இடத்தில் எது மேலே, எது கீழே என்று பார்ப்பது நல்ல சோதனை: அனுப்பியவரின் எழுத்தின் மேல்தான் முத்திரை விழுந்திருக்க வேண்டும்.

8. எங்கே, எப்படிக் கேட்பது

முதல் நாள் என்று பெயரிட்டு ஏலத்தில் வரும் கார்டுகளை விட, பெயரிடப்படாத கட்டுகளில் தேடுவது பயன் தரும். வணிகக் குடும்பங்கள் வந்த கடிதங்களைக் கம்பியில் கோத்து வைத்தன; அதனால் நடுவில் துளையுள்ள கார்டுகள் இந்தியாவில் ஏராளம். துளை அழகைக் குறைக்கிறது, ஆனால் கார்டு ஒரு கோப்பிலிருந்து வந்தது என்பதற்கு அதுவே அடையாளம். அத்தகைய கட்டு கிடைத்தால் பிரிக்காமல் முழுவதையும் வாங்க முயலுங்கள். அதே முகவரிக்கு அதே கையெழுத்தில் வந்த முன் பின் கடிதங்கள், ஐயமுள்ள ஒரு கார்டின் ஆண்டைத் தீர்த்துவைக்கும். கட்டைப் பிரித்துச் சில்லறையாக விற்ற பிறகு அந்தச் சான்றை யாராலும் மீட்க முடியாது.

தொலைவிலிருந்து வாங்கும்போது இரு பக்கங்களின் ஸ்கேனையும் கேளுங்கள். பெரும்பாலும் முகப்பு மட்டுமே காட்டப்படுகிறது. மேலே சொன்ன சான்றுகளில் பாதி மறுபக்கத்தில் இருக்கின்றன. சான்றிதழ் மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாளுக்குள் என்பதை எழுத்தில் பெறுங்கள். இதற்குத் தயங்கும் விற்பனையாளரிடம் பேரம் பேச வேண்டிய தேவையே இல்லை.

9. எவ்வளவு கொடுப்பது

கார்டை முதலில் சாதாரணக் கார்டாக மதிப்பிடுங்கள். அதன் மேல் தேதிக்காகக் கொடுக்கும் கூடுதல் தொகை சான்றின் வலிமைக்கு ஏற்றதாக இருக்கட்டும். முத்திரையிலேயே ஆண்டும் நாளும் தெளிவாக இருந்து, கையெழுத்துத் தேதியும் ஒத்தால் முழுக் கூடுதலும் நியாயம். சேருமிட முத்திரை மட்டுமே ஆண்டைத் தருகிறது என்றால் குறையுங்கள். கையெழுத்து மட்டும் என்றால் இன்னும் குறையுங்கள். சான்று ஒன்றுமில்லை, "இருக்கக்கூடும்" என்ற நம்பிக்கை மட்டும்தான் என்றால் சாதாரண விலைக்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம்.

கறை, மூலை மடிப்பு, துளை ஆகியவை சாதாரணக் கார்டின் விலையைப் பெரிதும் குறைக்கும். முதல் நாள் கார்டில் அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். மாற்றுக் கார்டு கிடைக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் தேதி முத்திரையின் மேலேயே விழுந்த கறையைப் பொறுக்கக் கூடாது.

10. சான்றிதழும் பதிவும்

பெருந்தொகை கொடுத்த கார்டை நிபுணர் குழுவின் பார்வைக்கு அனுப்புங்கள். லண்டனின் ராயல் பிலாடெலிக் சொசைட்டி இத்தகைய சான்றிதழ் வழங்குகிறது. அனுப்பும்போது உங்கள் வாசிப்பையும் இணையுங்கள். குறிப்பாகத் தமிழ், பழைய மராத்தி எழுத்தான மோடி, வட இந்திய வணிகர் எழுத்தான மகாஜனி போன்ற எழுத்துகளில் உள்ள தேதி வரியின் படியும் பொருளும் இருந்தால் குழுவின் வேலை எளிதாகும். இந்தியாவுக்குள் முதல் கருத்தைக் கேட்கச் சென்னையில் தென்னிந்திய தபால்தலை சேகரிப்போர் சங்கம் இருக்கிறது.

நூறாண்டு கடந்த பொருள்களை நாட்டுக்கு வெளியே அனுப்புவதைத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் 1972 கட்டுப்படுத்துகிறது. ஆகவே வெளிநாட்டுக் குழுவுக்கோ ஏலத்துக்கோ கார்டை அனுப்பும் முன், அதற்கு அனுமதி தேவையா என்பதை உரிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபெறுங்கள். முதலில் ஸ்கேன் மட்டும் அனுப்பிக் கருத்துக் கேட்பது இந்தத் தொல்லையைப் பல நேரம் தவிர்க்கும்.

பதிவேட்டில் வாங்கிய இடம், விலை, முந்தைய உரிமையாளர், கட்டில் இருந்த பிற கடிதங்கள், ஒவ்வொரு சான்றையும் நீங்கள் படித்த விதம் ஆகியவற்றை எழுதுங்கள். கார்டின் மேல் பென்சிலில்கூட எதுவும் எழுத வேண்டாம்.

11. வைத்துக் காத்தல்

பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற தடித்த தாளின் துணையோடு, இரு பக்கமும் தெரியும்படி வையுங்கள். பி.வி.சி. உறை காலப்போக்கில் பிசுபிசுத்து முத்திரை மையை இழுத்துக்கொள்ளும். லேமினேஷன் செய்த கார்டை இழந்த கார்டாகவே கொள்ளலாம். ஒட்டு நாடாவும் வேண்டாம்.

கழுவி வெளுக்கச் செய்யும் ஆசையை அடக்குங்கள். செய்தியை எழுதிய மை நீரில் கரைந்துவிடலாம். அதில்தான் உங்கள் ஆண்டுச் சான்று இருக்கிறது. கடலோர ஊர்களில் ஈரம் ஏறிப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும், ராமபாணப் பூச்சியும் வரும். காற்றோட்டமுள்ள அலமாரியில், சுவரைத் தொடாமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள். ஸ்கேன் படங்களின் பிரதி ஒன்று வீட்டுக்கு வெளியே வேறிடத்தில் இருக்கட்டும்.